சாண்ட்விச்சில் இறைச்சியோடு பழம் சேர்க்கும் கைப்பக்குவம்

மார்த்தாண்டம் சந்தையில் மாம்பழம் வாங்கப் போனால் கடைக்காரர் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து எடுத்து நீட்டுவார். நான் அதைத் திருப்பி வைத்துவிட்டு, "செங்காய் இருந்தால் கொடுங்கள் அண்ணாச்சி" என்பேன். காம்புப் பக்கம் இன்னும் பச்சை இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம்தான் அமுங்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் பால்வாடையும் பழவாசனையும் சேர்ந்து வர வேண்டும். கோழி இறைச்சி சாண்ட்விச்சுக்குள் போகத் தகுந்த மாம்பழம் அதுதான். கனிந்ததைத் தனியாகச் சாப்பிட்டுவிடுங்கள். ரொட்டிக்குள் வைத்து அதை வீணாக்க வேண்டாம்.

லண்டனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய சாண்ட்விச் கடையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலை ஆறரைக்குக் கடை திறக்கும். பதினொன்றரைக்குள் நூற்றுக்கு மேல் சாண்ட்விச்களை மடித்து அடுக்கிவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்து மொய்க்கும். அந்த அடுக்கில் பாதிக்குப் பாதி பழம் சேர்ந்த இறைச்சிதான்: கோழியோடு மாங்காய்ச் சட்னி, வான்கோழியோடு கிரான்பெர்ரி என்ற சிவந்த புளிப்புப் பழம், பன்றி இறைச்சியோடு ஆப்பிள், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியான ஹாமோடு அன்னாசி. இப்போது ஊர் திரும்பி, வீட்டுக்கும் தேவாலயத்து விழாக்களுக்கும் செய்து கொடுக்கிறேன். அங்கே கற்றதை இங்கே கிடைக்கும் பழத்துக்கும் இங்குள்ள வெயிலுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்ட விதத்தைத்தான் எழுதுகிறேன்.

முதன்முதலில் அன்னாசியைச் சுட்டு இறைச்சியோடு வைத்ததைப் பார்த்த அம்மா, "மக்களே, இறைச்சியில் போய்க் கைதச்சக்கையைப் போடுவார்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் அன்னாசிக்குக் கைதச்சக்கை என்றுதான் பெயர். மாங்காய் போடாமல் அம்மா மீன்குழம்பு வைத்து நான் பார்த்ததில்லை. பிரியாணியில் உலர்திராட்சை கிடந்தால் நாம் யாரும் அதைப் பொறுக்கி வெளியே வைப்பதில்லை. கொழுப்பும் உப்பும் சேர்ந்த ஒன்றைத் தொடர்ந்து மென்றால் நாக்கு அலுத்துப்போகும். இடையில் ஒரு புளிப்பு பட்டால் அடுத்த வாய்க்கு ஆசை வரும். குழம்பில் மாங்காய் செய்யும் வேலையும் சாண்ட்விச்சில் பழம் செய்யும் வேலையும் ஒன்றேதான்.

அதனால் பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு புளிக்கிறது என்று பாருங்கள். இனிப்பு எப்படியும் வந்துவிடும். உப்புப் பட்டதும் பழத்தின் இனிப்பு நாக்குக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். கொய்யாவில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இனிப்பு மட்டுமே உள்ள பழத்தை உப்பான இறைச்சியோடு வைத்தால் இரண்டாவது கடியிலேயே தின்பண்டம் போலத் திகட்டிவிடும். எங்கள் ஊர்த் தேன் பெயர்பெற்றது. அதைக்கூட இந்த சாண்ட்விச்களில் ஒரு சொட்டும் விடமாட்டேன். அளவு என்று கேட்டால், மூன்று பங்கு இறைச்சிக்கு ஒரு பங்கு பழம். 100 கிராம் இறைச்சி என்றால் 30 முதல் 35 கிராம் பழம் போதும். இதற்குமேல் போனால் இறைச்சியின் ருசி பின்னுக்குப் போய்விடும்.

ரொட்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் பேக்கரிகளில் எளிதில் கிடைக்கும் பால் ரொட்டியில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. அதற்குள் பழத்தை வைத்தால் இனிப்பின்மேல் இனிப்பு ஏறிவிடும். சர்க்கரை குறைந்த கோதுமை ரொட்டியோ, மேல்பகுதி சற்றுத் தடித்த உருண்டை பன்னோ கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்குச் சுட்ட ரொட்டி ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொண்டு களியாகிவிடும்.

பழம் வைத்த சாண்ட்விச்சைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். வெட்டிய பழம் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். உப்பான இறைச்சி பக்கத்தில் இருந்தால் இன்னும் வேகமாக விடும். லண்டன் கடையில் எனக்கு முதல் நாள் கற்றுக்கொடுத்தது வெண்ணெய் தடவுவதைத்தான். அறைச் சூட்டில் இளகிய வெண்ணெயை நடுவிலிருந்து நான்கு ஓரங்களுக்கும், மூலைகளுக்கும், ஒரு புள்ளி இடம்கூட விடாமல் தடவ வேண்டும். அது ருசிக்காக மட்டும் இல்லை. மழைக்கு ஓலை வேய்வது போல, பழத்தின் நீர் ரொட்டிக்குள் இறங்காமல் அந்த வெண்ணெய் தடுக்கிறது. நான் இன்னொன்றும் செய்கிறேன். ரொட்டியின் உள்பக்கத்தை மட்டும் தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வாட்டி, ஆறியபின் வெண்ணெய் தடவுகிறேன். சூட்டோடு தடவினால் வெண்ணெய் உருகி உள்ளே போய்விடும், தடுப்பு இருக்காது.

அடுக்கும் வரிசை: ரொட்டி, வெண்ணெய், இலை, இறைச்சி, பழம், மறுபடி கொஞ்சம் இறைச்சி, வெண்ணெய் தடவிய ரொட்டி. பழம் நடுவில் இருக்க வேண்டும், ரொட்டியைத் தொடக் கூடாது. வெட்டிய பழத்தை ஒரு சிட்டிகை உப்புத் தூவிப் பத்து நிமிடம் சல்லடையில் வைத்து, பிறகு சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தபின்தான் உள்ளே வைப்பேன். இலைக்கு லெட்யூஸ் போதும். கொஞ்சம் கசப்பும் இருந்தால் இனிப்பு அடங்கும் என்பதால், இளசாகக் கிடைக்கும் நாளில் நான் வைப்பது வெந்தயக் கீரை.

இனி ஒவ்வொன்றாகச் செய்வோம். முதலில் கோழியும் மாங்காயும். இதற்கு ஒரு கதை உண்டு. 1953 ஜூன் 2 அன்று எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா நடந்தது. வெளிநாட்டு விருந்தினர்களுக்கான மதிய உணவில் ஆறிய நிலையிலேயே பரிமாறத்தக்க ஒரு கோழிப் பதார்த்தம் வைத்தார்கள். லண்டனில் சமையல் பள்ளி நடத்திய ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் அதைத் திட்டமிட்டார்கள். வேகவைத்த கோழி, மயோனைஸ், கறித்தூள், ஆப்ரிகாட் விழுது. இன்று அது இங்கிலாந்து முழுவதும் 'கொரோனேஷன் சிக்கன்' என்ற பெயரில் சாண்ட்விச்சுக்குள் போய்விட்டது. கடைகளில் ஆப்ரிகாட்டுக்குப் பதில் உலர்திராட்சையும் மாங்காய்ச் சட்னியும் சேர்க்கிறார்கள்.

எங்கள் கடையில் மயோனைஸில் மஞ்சள் நிறக் கறித்தூளை அப்படியே கொட்டிக் கலப்பார்கள். டப்பாவைத் திறந்ததுமே பச்சை மஞ்சள் வாடை வரும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். கூட்டம் ஓய்ந்த ஒரு பிற்பகலில் சின்ன வாணலியை அடுப்பில் வைத்து, ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, அதில் கறித்தூளைப் போட்டுக் கிளறினேன். முதலில் தூள் எண்ணெயைக் குடித்துக் கட்டிகட்டியாக நின்றது. பிறகு நிறம் ஒரு படி இருண்டது. வெந்தய வாசம் வந்ததும் இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்தேன். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வந்தது. ஆறவைத்து மயோனைஸில் கலந்து முதலாளியிடம் ஒரு துண்டு ரொட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தார். மறுநாளிலிருந்து அந்த வாணலி வேலை என்னுடையதாயிற்று. ரோஸ்மேரி ஹியூமின் மூலச் செய்முறையிலும் வெங்காயத்தையும் கறித்தூளையும் எண்ணெயில் வதக்கத்தான் சொல்லியிருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமில்லை.

நான்கு சாண்ட்விச்சுக்கு எலும்பில்லாத கோழி அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப் பகுதியும் தொடைப் பகுதியும் கலந்து இருந்தால் வறண்டுபோகாது. மூழ்கும் அளவு தண்ணீர், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை. தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். மேலே சின்னச் சின்னக் குமிழி மட்டும் வர வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. துண்டின் பருமனைப் பொறுத்து 18 முதல் 20 நிமிடம். கடையில் வெப்பமானியை நடுவில் குத்தி 75 டிகிரி காட்டுகிறதா என்று பார்ப்போம். வீட்டில் தடித்த இடத்தைக் கீறிப் பாருங்கள், இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. அடுப்பை அணைத்து அந்த நீரிலேயே 20 நிமிடம் ஆறவிட்டு, பிறகு எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கத்தியால் வெட்டாமல் கையால் நாராகப் பிய்த்தால் சாஸ் நன்றாகப் பிடிக்கும்.

சாஸுக்குக் கடையில் விற்கும் கறித்தூள் தேவையில்லை. மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, சீரகத்தூள் அரை, மஞ்சள்தூள் கால், மிளகாய்த்தூள் கால், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகை. பாதி வெங்காயத்தை வதக்கி, இவற்றைப் போட்டு, மெல்லிய தீயில் ஒரு நிமிடம். ஒரு தேக்கரண்டி தக்காளி விழுதும் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரும் விட்டுச் சுண்டவைத்து இறக்குங்கள். முழுதாக ஆற வேண்டும். சூட்டோடு கலந்தால் மயோனைஸ் திரிந்துவிடும். ஆறியபின் ஆறு மேசைக்கரண்டி மயோனைஸ், துணியில் கட்டி நீர் வடித்த தயிர் இரண்டு மேசைக்கரண்டி, அரை எலுமிச்சையின் சாறு. கோழியை இதில் புரட்டி, ஒரு மணி நேரம் குளிரவிடுங்கள்.

மாங்காயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். கிளிமூக்கு மாம்பழம் செங்காயாகக் கிடைத்தால் இதற்கு மிகப் பொருத்தம். நார் அதிகமுள்ள பழம் வேண்டாம். அது ரொட்டிக்கு வெளியே இழுத்துக்கொண்டு வரும். தோல் சீவி, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரமாக வெட்டி, உப்புத் தூவி வடித்து, 120 கிராம் அளவுக்குக் கோழியோடு கலந்து உடனே ரொட்டிக்குள் வையுங்கள். மாம்பழக் காலம் முடிந்துவிட்டால் உலர்ந்த ஆப்ரிகாட் ஆறு எடுத்து வெந்நீரில் ஊறவைத்து அரைத்துக் கலந்தால், 1953 விருந்தில் பரிமாறியதற்கு நெருங்கிய ருசி வரும். மேலே வறுத்த முந்திரியை உடைத்துப் போடுவது என் பழக்கம். எல்லாமே மெத்தென்று இருந்தால் பல்லுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

அடுத்தது அன்னாசி. இதைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. ஊர் திரும்பிய முதல் ஆண்டு, என் தம்பி மகளின் முதல் நற்கருணை விழாவுக்கு 60 சாண்ட்விச் செய்ய ஒத்துக்கொண்டேன். விடியற்காலை வேலையைக் குறைக்கலாம் என்று, முந்தின இரவே வேகவைத்த கோழியையும் தயிர் சேர்த்த மயோனைஸையும் பொடியாக நறுக்கிய பச்சை அன்னாசியையும் ஒன்றாகக் கலந்து குளிரில் வைத்தேன். காலையில் திறந்து பார்த்தால், கோழி நார்நாராக இல்லை. விரலால் தொட்டால் மாவு போலக் குழைந்தது. வாயில் வைத்தால் கசந்தது. நான்கு கிலோ இறைச்சியையும் கொட்டிவிட்டு, தம்பி மனைவியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "விடுங்கள் மைனி, முட்டை இருக்கிறது" என்று அவள் அவித்துக் கொடுத்தாள். முட்டை சாண்ட்விச்சோடு விழா நடந்தது.

பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும். ஆட்டிறைச்சி சீக்கிரம் வேகப் பப்பாளிக் காயை அரைத்துப் போடுகிறோமே, அதே வகை வேலைதான். இறைச்சியை மென்மையாக்கும் அந்த நொதி, நேரம் கூடினால் கூழாக்கிவிடும், பால் சேர்ந்த பொருளைக் கசக்க வைத்துவிடும். நிறைய அன்னாசி தின்றால் நாக்கு எரிவதிலும் அதற்குப் பங்கு உண்டு. நன்றாகச் சூடேற்றினால் அதன் வேலை நின்றுவிடும். டப்பாவில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் அது இந்தத் தொல்லை கொடுக்காது. ஜெர்மனியில் கிளெமென்ஸ் வில்மன்ரோட் என்ற தொலைக்காட்சிச் சமையல்காரர் 1955 இல் பிரபலமாக்கிய ஹாம், அன்னாசி, சீஸ் டோஸ்ட்டும், கனடாவின் சாத்தம் நகரில் சாம் பனோபூலஸ் 1962 இல் அன்னாசி வைத்துச் செய்த பீட்சாவும் டப்பா அன்னாசியை வைத்துத்தான் செய்யப்பட்டன. நமக்கு ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக விளையும் நல்ல அன்னாசி வீட்டு வாசலுக்கே வருகிறது. டப்பா வாங்க வேண்டியதில்லை. சுட்டுவிட்டால் போதும்.

சுடும் முறை இதுதான். கண்களை நீக்கிச் சுத்தம் செய்த அன்னாசியைச் சுண்டுவிரல் பருமனுக்கு வட்டமாக அரியுங்கள். நடுத்தண்டை எடுத்துவிடுங்கள், மெல்ல வராது. இரண்டு பக்கமும் துணியால் ஒற்றி, உப்பும் கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் தூவுங்கள். இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருண்டோடும் பதம். தேங்காய் எண்ணெயை வெங்காயத் துண்டால் லேசாகத் தேய்த்துவிட்டு வட்டங்களை வையுங்கள். வைத்தபின் தொடாதீர்கள். முதலில் சளசளவென்று நீர் கொதிக்கும் சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கி, பொரியும் சத்தமாக மாறும்போது திருப்ப வேண்டும். மூன்றரை நிமிடம், நான்கு நிமிடம் ஆகும். அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும், ஓரம் சற்றுக் கருகியிருக்கும். அந்தக் கருகலின் கசப்பு வேண்டும். மறுபக்கமும் அப்படியே. வெந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பித் தட்டில் தனித்தனியாகப் பரப்பி ஆறவிடுங்கள். அடுக்கினால் ஆவி அடைத்து மறுபடி நீர் கோத்துக்கொள்ளும்.

இதற்குச் சேர்க்கும் இறைச்சி முந்தின நாள் பன்றி இறைச்சி வறுவல். இஞ்சி, பூண்டு, மிளகு, கொஞ்சம் வினிகர் விட்டு மெதுவாக வேகவைத்த, கொழுப்பும் சதையும் கலந்த துண்டுகள். குளிரில் இருந்து எடுத்ததும் இறுகியிருக்கும்போதே நாரின் குறுக்காக மெல்லியதாக அரிந்து, அன்னாசி சுட்ட அதே கல்லில் போட்டு ஆவி பறக்கச் சூடாக்குங்கள். கல்லில் ஒட்டியிருக்கும் அன்னாசிச் சர்க்கரை இறைச்சியில் ஏறும். பன்னின் இரு பக்கமும் வெண்ணெய், ஒரு பக்கம் மஸ்டர்ட் சாஸ், பிறகு 90 கிராம் இறைச்சி, நடுவில் ஒரு வட்டம் அன்னாசி, மேலே வினிகரில் பத்து நிமிடம் ஊறிய வெங்காயமும் இரண்டு துண்டு பச்சை மிளகாயும். இதைச் சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும். கட்டிக்கொண்டு போகும் சாண்ட்விச் இது இல்லை. அன்று கேள்வி கேட்ட அம்மா இப்போது அன்னாசி விற்கிற வண்டிச் சத்தம் கேட்டால், வீட்டில் இறைச்சி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாசலுக்குப் போகிறார்.

பன்றி இறைச்சியோடு ஆப்பிள் சேர்ப்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். திருவிழாத் திடல்களில் முழுப் பன்றியைச் சுட்டு, பன்னில் வைத்து, மேலே ஆப்பிள் மசியல் ஒரு கரண்டி போட்டுத் தருவார்கள். அவர்கள் இதற்கென்றே பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிளை வைத்திருக்கிறார்கள். நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் தோன்றிய ரகம் அது. பச்சையாகக் கடித்தால் பல் கூசும், வேகவைத்தால் குழைந்து பஞ்சாகிவிடும். நம் கடைகளில் வரும் சிவப்பு ஆப்பிளில் அந்தப் புளிப்பு இல்லை. பச்சை ஆப்பிள் இரண்டு எடுத்து, தோல் சீவி நறுக்கி, அரை எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரோடு மூடி போட்டு 12 நிமிடம் வேகவிட்டுக் கரண்டியால் மசியுங்கள். சர்க்கரை போடாதீர்கள். ஆப்பிளைப் பச்சையாக வைக்க விரும்பினால் காசு கனத்துக்கு மெல்லியதாகச் சீவி, எலுமிச்சை கலந்த நீரில் போட்டு எடுத்தால் கறுக்காது. கொடைக்கானல் பேரிக்காய் சற்று விறைப்பாக இருக்கும்போது இதே வேலையைச் செய்யும். ஹாமோடும் சீஸோடும் வைக்கப் பேரிக்காயைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

வான்கோழியும் கிரான்பெர்ரியும் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் மிச்சத்தில் பிறக்கும் சாண்ட்விச். வான்கோழி தன்னளவில் வறண்ட, சப்பென்ற இறைச்சி. கிரான்பெர்ரியின் கடும் புளிப்புதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. ஊருக்கு வந்தபின் கிரான்பெர்ரிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சிறுவயதில் வேலியோரம் முள்ளுக்குப் பயந்து பயந்து பறித்த களாக்காய் நினைவுக்கு வந்தது. நிறம், புளிப்பு, கூழ் இறுகும் தன்மை எல்லாமே பொருந்துகிறது. சிவந்த களாக்காய் கால் கிலோவை இரண்டாகப் பிளந்து விதை நீக்கி, கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு செய்யுங்கள், பால் பிசுபிசுக்கும். 100 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு இஞ்சி, கால் டம்ளர் தண்ணீர் சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவிட்டால் கருஞ்சிவப்பாக இறுகிவிடும். இந்த ஒன்றில் மட்டும் சர்க்கரைக்கு அனுமதி உண்டு, அவ்வளவு புளிப்பு. அடுப்பில் சுட்ட கோழியின் நெஞ்சுப் பகுதியை மெல்லியதாக அரிந்து, இதை ஒரு தேக்கரண்டி தடவி, லெட்யூஸ் வைத்து மூடினால் போதும். ஒரு குப்பி செய்து குளிரில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். ஹவானாவில் எலெனா ரூஸ் என்றொரு சாண்ட்விச் உண்டு: வான்கோழி, கிரீம் சீஸ், ஸ்ட்ராபெர்ரி ஜாம். வீட்டில் பழமே இல்லாத நாளில் அந்த வழியில் ஜாமை நாடலாம். ஆனால் நம் கடை ஜாமில் ஒரு தேக்கரண்டிக்கு நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் கலந்துகொள்ளுங்கள்.

ரோமிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி, தன் ஊரில் கோடை முடிவில் தட்டையான உப்பு ரொட்டிக்குள் புரோஷூட்டோ ஹாமும் புது அத்திப்பழமும் வைத்துத் தின்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு செப்டம்பரில் செய்தும் காட்டினாள். பழத்தைக் கத்தியால் வெட்டவில்லை. கையால் இரண்டாகப் பிய்த்து, ரொட்டியின்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். வெண்ணெயும் இல்லை, இலையும் இல்லை. அத்தியில் புளிப்பு குறைவுதான். அந்த ஹாமின் உப்பு கடுமையாக இருப்பதால் ஈடுகட்டிவிடுகிறது. உப்புக் குறைந்த ஹாமில் இது எடுபடாது.

ஈரல் பிடிக்கும் என்றால் கோழி ஈரலை மிளகு போட்டு வறுத்து, விதையில்லாத கறுப்புத் திராட்சையை அதே வாணலியில் தோல் வெடிக்கும்வரை புரட்டி, வாட்டிய ரொட்டியின்மேல் திறந்தபடி வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பன்னீர்த் திராட்சைக்கு மணம் அதிகம், ஆனால் விதையும் தோலும் தொல்லை. மாட்டிறைச்சி மிளகு வறுவலுக்கு நான் வைப்பது, பாதி பழுத்த நேந்திரத்தை நீளவாக்கில் அரிந்து கல்லில் பொன்னிறமாகச் சுட்டது. வாழையில் புளிப்பு போதாது என்பதால் எலுமிச்சை பிழிவேன்.

எல்லாப் பழமும் இதற்கு வராது. பலாப்பழம் வேண்டாம். அதன் மணத்துக்கு முன் எந்த இறைச்சியும் நிற்காது. தர்பூசணி தண்ணீர். சப்போட்டா வெறும் இனிப்பு. கனிந்த பப்பாளி குழைந்துவிடும். மாதுளை முத்துக்களை ஆட்டிறைச்சியோடு தூவலாம், ஆனால் சிதறும், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும்.

கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். சமைத்த இறைச்சியும் மயோனைஸும் சேர்ந்ததை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில், 32 டிகிரியைத் தாண்டும் நாளில், ஒரு மணி நேரம்தான் கணக்கு. குளிர்ந்த பையில் ஐஸ் கட்டியோடு வையுங்கள். பள்ளிக்குக் கொடுத்துவிடுவதென்றால் மயோனைஸ் வகையைத் தவிர்த்து, களாக்காய் கோழியைக் கட்டிக் கொடுங்கள். அதுவும் காலையில் குளிரிலிருந்து எடுத்து, ஐஸ் கட்டி வைத்த பையிலேயே போக வேண்டும். பழத்தையும் இறைச்சியையும் தனித்தனி டப்பாவில் வைத்து, போகும் இடத்தில் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

மூடிய சாண்ட்விச்சை உடனே வெட்டாதீர்கள். வெண்ணெய்த் தாளில் இறுக்கமாகச் சுற்றி, மேலே ஒரு சின்னப் பலகையை வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், மாங்காய்த் துண்டு வழுக்கி வெளியே வராது. பிறகு தாளோடு சேர்த்தே, பல் வைத்த கத்தியால், அழுத்தாமல் அறுங்கள். முதல் பாதியை எடுத்து வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். ரொட்டியின் ஓரம் வெள்ளையாகவே இருந்து, பழத்தின் நிறம் நடுவில் மட்டும் தெரிந்தால், மற்றவற்றையும் அதே போல் அடுக்கலாம். ரொட்டியில் மஞ்சள் ஈரம் ஏறியிருந்தால் மறுபடி துணியை எடுத்துப் பழத்தை ஒற்றுங்கள்.